ஈரம் காயும்வரை

டீ பரவாயில்லை, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் இங்கே டீ கிடைக்கும் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் அவசரப்பட வேண்டாம். நான் நிதானமாகத்தான் பேசுவேன். வேலையும் அப்படித்தான் செய்வேன். அவசரத்தில் செய்ததைப் பிறகு நாமேதான் உட்கார்ந்து சுரண்ட வேண்டியிருக்கும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. பழைய ஃபைபர் படகுகளுக்கு மேனி தேற்றிக் கொடுப்பவன் நான். ஃபைபர் படகின் மேல் இருக்கும் பளபளப்பைப் பெயின்ட் என்று நினைப்பார்கள். பெயின்ட் இல்லை. அதற்கு ஜெல்கோட் என்று பெயர். நகக்கனம்தான் இருக்கும். புதிதில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருஷக்கணக்காகக் கிடந்தால் அது வெளுத்துச் செத்துப்போகும். கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டும். படகே போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் தலையில் கைவைப்பார்கள். நான் ஒரு மூலையை மட்டும் ஈரத் துணியால் துடைத்துக் காட்டுவேன். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். அதை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலை.

பழைய மெழுகைத் துடைத்து எடுக்க வேண்டும். கீறலையும் வெடிப்பையும் அடைக்க வேண்டும். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், முதலில் சொரசொரப்பான தாள், போகப் போக வழவழப்பானது. பிறகு மெஷின் பாலிஷ், பிறகு மெழுகு. தேய்ந்து உள்ளே இருக்கும் நார் தெரிகிற இடத்தில் மட்டும் புதிதாக ஜெல்கோட் கலந்து பூச வேண்டும். அப்படிப் பூசியது காய்கிற வரைக்கும் தூசி படக் கூடாது, கை படக் கூடாது. கேட்க லேசாக இருக்கும். மனிதர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள்.

என் அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவன். இந்த ஊரில் பாதிப் பேர் அவனிடம்தான் கார் ஓட்டப் பழகினார்கள். மீதிப் பேர் அவனிடம் பழகியவர்களைப் பார்த்து ஓரமாக ஒதுங்கப் பழகினார்கள். இது என் ஜோக் இல்லை, அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவன். அவனோடு கடைத்தெருவில் நடந்தால் எடுத்துவைக்கிற அடிக்கு ஒருவர் வணக்கம் சொல்வார். நானும் கூடவே தலையாட்டிக்கொண்டு வருவேன், ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவன் மாதிரி. நீங்களும் அவனிடம் பழகியவர்தானா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், சொல்ல வேண்டாம். முகத்திலேயே தெரிகிறது.

அவனை எனக்குப் பிடிக்காது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பிடிக்கும். அவனைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். ஒரே ஒரு பழக்கம்தான் சரியில்லை. எதையாவது பூசி வைத்திருந்தால், "காஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே விரலை வைத்துவிடுவான். கேள்வியும் விரலும் ஒன்றாக வரும். என் வீட்டுக் கதவில், நான் வேலை பார்க்கும் படகு யார்டில் முடித்து வைத்த எத்தனையோ படகுகளில், அவன் ஆள்காட்டி விரல் ரேகையை நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். திட்டினால் சிரிப்பான். "மனுசன் தொடாத சாமான் மியூசியத்துலதான்டா இருக்கும்" என்பான். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். நான் மறுபடி உப்புத்தாளை எடுப்பேன்.

என் மனைவியும் அவனிடம்தான் கார் ஓட்டப் பழகினாள். அதற்கு ஏற்பாடு செய்ததே நான்தான். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று பட்டது. பாடம் முடிந்து வந்தால் அவள் கை, சட்டை எல்லாம் காரின் வாசனையாக இருக்கும். நான் சோப்பை எடுத்துக் கொடுப்பேன்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள், ஒரு சத்தம் கேட்டது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "உங்க கூட இருக்கறது கண்ணாடி அலமாரியில இருக்கற மாதிரி இருக்கு. தெனம் தொடைச்சு வெக்கிறீங்க. வேற ஒண்ணும் செய்றதில்ல." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளச் சொன்னேன். மழைக்காலத்தில் ஒரு நாள் யார்டிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவள் இல்லை. அடுப்பைத் துடைத்து, துண்டை மடித்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். அந்த அளவில் எனக்குக் குறை இல்லை. சுவரில் அவள் கண்ணாடி மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. மறுநாளே அந்தச் சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்தேன். விஷயம் கேள்விப்பட்டு அண்ணி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே அழுதார். சாயாதீங்க அண்ணி, ஈரம் என்று சொன்னேன். அவர் ஏன் இன்னும் அதிகமாக அழுதார் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் அண்ணன் அந்தப் படகை இழுத்துக்கொண்டு வந்தான். அவனிடம் பழகிய யாரோ ஒரு பெரியவர், உடம்புக்கு முடியாமல் படகை விட்டுவிட்டார். நடுவில் சின்னதாக ஒரு கேபின். உள்ளே ரெண்டு படுக்கை, படுக்கைக்குக் கீழே சாமான் வைக்கும் பெட்டிகள். பல வருஷமாக மரத்தடியில் கிடந்திருக்கிறது. மேலே பாசி, பறவை எச்சம். அண்ணன் அதன் வயிற்றில் தட்டிக்கொண்டே சொன்னான்: "பாருடா தம்பி, பல்லு போன கெழவி. நீ கை வெச்சா பொண்ணு பாக்க வந்துருவாங்க."

எதற்கு இது என்று கேட்டேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. "உனக்கு ஒரு வேலை வேணும்டா. இல்லேன்னா அந்தச் செவத்தையே திரும்பத் திரும்ப அடிச்சிட்டிருப்ப. இத முடி. நாம மூணு பேரும் தண்ணியில போவோம். அண்ணிக்கும் ஆசை."

அவன் மனதில் இருந்தது அவ்வளவுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்கு நல்லது.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து கோடை வெயில் ஏறும்வரை அந்தப் படகில்தான் இருந்தேன். யார்டு வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். விடுமுறை நாட்களிலும் அங்கேதான். அதன் பக்கவாட்டில் பழைய ஸ்டிக்கர் எழுத்துகள் இருந்தன, ஒரு பெண்ணின் பெயர். சூடு காட்டி உரித்தேன். எழுத்து போய்விட்டது, ஆனால் அதன் நிழல் போகவில்லை. எழுத்து மூடியிருந்த இடத்தில் வெயில் படவில்லை அல்லவா, அங்கே மட்டும் ஆதி நிறம் அப்படியே இருக்கும். வெறும் படகின்மேல் அந்தப் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்கலாம். அண்ணன் வந்து பார்த்தான். "விட்டுருடா. யாரோ ஆசையா வெச்ச பேரு. இருந்துட்டுப் போகட்டும்." அவன் போன பிறகு தேய்க்க ஆரம்பித்தேன். சுற்றியிருக்கும் இடத்தையும் சேர்த்துத் தேய்த்தால்தான் நிழல் போகும். அதிகம் தேய்த்தால் நார் தெரிந்துவிடும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும். கடைசியில் வெயிலைச் சாய்வாக வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். டிரைவிங் ஸ்கூல் பிள்ளைகளைக் காரோடு யார்டுக்குக் கூட்டிவந்து காட்டுவான். "இவன் என் தம்பி. இவன் கை பட்டா தகரமும் தங்கம்." சொல்லிக்கொண்டே படகில் கையை வைப்பான். அவர்கள் போன பின் துடைப்பேன். அண்ணி உள்ளே போடும் மெத்தைக்குத் துணி எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நீல நிறம். எனக்கு அந்த நிறம் அவ்வளவு சரியாகப் படவில்லை. சொல்லவில்லை.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

விடுமுறை நாள். யார்டில் எங்களைத் தவிர ஆள் இல்லை. வாட்ச்மேன் வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார், அங்கிருந்து நாங்கள் இருந்த மூலைக்குச் சத்தம் வராது. இங்கிருந்தும் அங்கே போகாது. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கேபின் வாசலைச் சுற்றியுள்ள மேல்தளம்தான் பாக்கி. எல்லோரும் கால் வைத்து ஏறி இறங்கிய இடம், நார் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அங்கே புது ஜெல்கோட் பூச வேண்டும். உள்ளே படுக்கைக்குக் கீழே இருந்த பெட்டிகளையும் அசிட்டோன் போட்டுத் துடைத்து ஒரு கை பூச வேண்டும். அதை நான் செய்கிறேன் என்று அண்ணன் தானாகவே வந்தான். நான் கூப்பிடவில்லை. சும்மா வாய் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஏதாவது செய்கிறேனே என்றான்.

அந்த அசிட்டோன் வாசனை லேசானது இல்லை, மேடம். மூடிய இடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் காற்றை இழுக்கும் ஃபேனை வெளியே வைத்து, யானைத் தும்பிக்கை மாதிரி அதன் குழாயைக் கேபின் வாசல் வழியாக உள்ளே விட்டிருந்தேன். மாஸ்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் போட்டிருந்தான், பிறகு கழுத்தில் இறக்கிவிட்டான். "இதப் போட்டா பேச முடியலடா" என்றான். ஃபோன் உள்ளே வேண்டாம், பொறி கிறி பட்டால் ஆபத்து என்று சொல்லி வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நான் வாசலில் உட்கார்ந்து ஜெல்கோட் கலந்துகொண்டிருந்தேன். அவன் உள்ளே மண்டியிட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்திருந்தால் அவன் அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணு சொல்லணும்டா. கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அவ நல்லா இருக்கா. நானும் அண்ணியும் போய்ப் பாத்துட்டு வந்தோம்."

நான் ஜெல்கோட்டை இறுகவைக்கிற ஹார்ட்னரைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தேன். அது அளவு தப்பக் கூடாது.

"அன்னைக்கு அவள அனுப்பி வெச்சது நான்தான். அழுதுட்டு வந்து வாசல்ல நின்னா. எங்கயாவது போகணும்னா. என்ன செய்யறது சொல்லு. பழைய கார் சாவியக் குடுத்து, ஓட்டத் தெரியும்ல, போம்மான்னுட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரலடா. இத்தன நாளா நெஞ்சுல முள்ளா குத்திட்டிருந்துச்சு."

"சரி" என்றேன்.

"சரின்னா?"

"சரிதான். ஹார்ட்னர் விட்டாச்சு. இனி அது யாருக்கும் காத்திருக்காது. நீ வேலையப் பாரு."

அவன் திரும்பிப் பார்க்காமலே சிரித்தான். பாரம் இறங்கிய சிரிப்பு. பிறகு சொன்னான்: "இப்ப சிரிக்கிறாடா. சத்தமா சிரிக்கிறா. அந்தப் பொண்ணு சிரிச்சு நீ கேட்டிருக்கியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பேச்சோடு முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரியும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நான் அங்கே என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். காற்று எழும்பியிருந்தது. யார்டு மண் தரை. பக்கத்தில் யாரோ தேய்த்துப் போட்ட படகின் தூள் வேறு பறந்துகொண்டிருந்தது. கலந்தது கலந்தாகிவிட்டது, பூசியாக வேண்டும். ஃபேன் ஓடினால் அந்தத் தூசியை வாசல் பக்கமாகத்தான் இழுக்கும். ஈர ஜெல்கோட்டில் ஒரு மணல் விழுந்தால் அம்மை வடு மாதிரி நிற்கும். அதனால் ஃபேனை நிறுத்தினேன். குழாயை வெளியே எடுத்தேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். தூசி பறக்குது, கொஞ்ச நேரம் மூடிவைக்கிறேன் என்றேன். "சரிடா, சீக்கிரம் தொற, இங்க மூக்கு எரியுது" என்றான். வாசல் பலகையைச் சொருகி, மேல் மூடியை இழுத்து, கொக்கியை மாட்டினேன். கொக்கி எதற்கு என்று கேட்டீர்கள். மாட்டாவிட்டால் அவன் நினைத்த நேரத்தில் தலையை நீட்டுவான். காஞ்சிருச்சா என்று கேட்பான். விரலை வைப்பான். பிறந்ததிலிருந்து அவனை எனக்குத் தெரியும்.

ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தேன். உருளையால் பூசினேன். ஒரே சீராக வந்தது. அத்தனை வருஷத்தில் அப்படி எனக்கு வந்ததில்லை. தண்ணீர் தானாகப் பரவுகிற மாதிரி பரவியது. முடித்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம்ணே என்று பதில் சொன்னேன். பிறகு தட்டினான். முதலில் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, மரியாதையாக. அதன்பின் உள்ளங்கையால். அதன்பின் எதனாலோ, தோளாக இருக்கலாம். பலகை அதிர்ந்தது, ஆனால் பூச்சு அசையவில்லை. அந்தக் காலத்துப் படகுகள் கெட்டியானவை. "தம்பி, தலை சுத்துது" என்று அவன் சொன்னது கேட்டது. இதைப் பலகை வழியாக ஊகித்தேன் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நன்றாகவே கேட்டது.

திறக்க வேண்டும் என்றால் நான் வாசலுக்குப் போக வேண்டும். வாசலைச் சுற்றி நாலா பக்கமும் ஈரம். கால் வைக்காமல் போக வழி இல்லை. கால் வைத்தால் முழுவதையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து பூச வேண்டும், ரெண்டாவது தடவை நிறம் அப்படியே வராது, விளிம்பு தெரியும். நான் கலந்த கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மேலே பூசியது எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்போம். குச்சியால் குத்தினேன். இன்னும் கொழகொழவென்றுதான் இருந்தது.

அப்போது என் பையில் இருந்த அண்ணன் ஃபோன் அடித்தது. அண்ணி. எடுத்தேன்.

"என்ன தம்பி, அவர் எங்க? சாப்பிட வரலையா ரெண்டு பேரும்? எல்லாம் ஆறிட்டிருக்கு."

"உள்ள இருக்கான் அண்ணி. கொஞ்ச நேரம் ஆகும். காயணும்."

"அது என்ன சத்தம்?"

"வேலை நடக்குது."

"சரி, அவர மாஸ்க் போடச் சொல்லுங்க. சொன்னா கேக்கமாட்டார். நீங்க சொன்னா கேப்பார்."

சொல்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அவர் சொன்னது ஒரு விதத்தில் சரி, நான் சொல்லி அண்ணன் எதையும் தட்டினதில்லை, கையை எடு என்பதைத் தவிர.

சத்தம் எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கட்டத்தில், நின்றுவிட்டதே என்று கவனித்தேன், அவ்வளவுதான். வெயில் படகை விட்டு இறங்கியது. கிண்ணத்தில் இருந்தது கல் மாதிரி ஆகிவிட்டது. டேப்பை உரித்தேன். சரியான பதத்தில் உரித்தால் விளிம்பு கத்தியால் வெட்டின மாதிரி வரும். வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய்க் கொக்கியை எடுத்தேன்.

அவனை வெளியே தூக்கினேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் பூட்ஸ் காலோடு ஏறினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எது முக்கியம் என்று எனக்கும் தெரியும்.

விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாஸ்க் கழுத்தில் கிடந்தது, அவனே கழற்றியது. காற்றில் மூடி சாத்திக்கொண்டிருக்கும் என்று அவர்களாகவே முடிவுசெய்தார்கள். நான் மறுக்கவில்லை. யாரும் என்னை அதைக் கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் வராது.

அண்ணன் வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வந்த மாதிரி இருந்தது. தெரு முழுக்கக் கார், ஒன்றுகூட ஒழுங்காக நிறுத்தப்படவில்லை. எல்லோரும் என் தோளைத் தொட்டார்கள், கையைப் பிடித்தார்கள். அண்ணனுக்குத் தம்பியும் நீதான், பிள்ளையும் நீதான் என்றார்கள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

அவளும் வந்தாள். அந்தப் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, ஒரே திருப்பில் சுவரோரமாக ஒட்டி நிறுத்தினாள். அண்ணன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். அண்ணியைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். முடி வெட்டியிருந்தாள். பிறகு நான் நின்றிருந்த சமையலறைப் பக்கம் வந்தாள். அண்ணியும் அவள் பின்னாலேயே வந்தார். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் தட்டலையா?"

நான் டம்ளரைத் துடைத்து வைத்தேன்.

"தட்டினான்" என்றேன். "ஈரமா இருந்துச்சு."

அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. அண்ணிதான் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் சின்னதாக வந்தது.

"நான் ஃபோன் பண்ணினப்பவா, தம்பி? அந்தச் சத்தமா?"

அவரிடம் நான் எப்போதும் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்போ கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு, அண்ணி."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவள் அவரைத் தூக்கி நிறுத்தினாள், செருப்புகூடப் போடாமல் ரெண்டு பேரும் காரில் ஏறினார்கள். இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் மிச்சமிருந்த டம்ளர்களைக் கழுவி முடித்தேன். உங்கள் ஆட்கள் வந்தபோது வாசலில் தயாராகத்தான் நின்றேன். ஓடவில்லை, ஒளியவில்லை.

நீங்கள் படகைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். கேபின் வாசலைச் சுற்றிப் பார்த்தீர்களா? வெயில் இருக்கும்போது, கொஞ்சம் குனிந்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அண்ணன் பார்க்காமல் போனது எனக்கு வருத்தம்தான். அவனுக்காகத்தானே செய்தேன்.

அவனுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நினைத்திருந்தால் எத்தனையோ வழி இருக்கிறது. இது வேலையில் வந்த இக்கட்டு. அந்த நேரத்தில் என்னால் அங்கே கால் வைக்க முடியவில்லை. காய்ந்திருந்தால் திறந்திருப்பேன்.

சரி, மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். முதலில் கேட்டபோது நான் டீயைப் பற்றிப் பேசிவிட்டேன். கேபின் கூரையில், படகின் மூக்குப் பக்கமாக இன்னொரு மூடி இருக்கிறதே, ஓர் ஆள் ஏறி வரும் அளவுக்கு, அதற்குக் கொக்கிகூட இல்லையே, அது வழியாக அவன் ஏன் வரவில்லை என்கிறீர்கள். வந்தான், மேடம். வாசலில் தட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம்தான் வந்தான். படுக்கை மேல் ஏறி, ரெண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். கடைசியில் அவன் விரல் மட்டும் அடியில் தடவிக்கொண்டிருந்தது. அதை என்னால் உணர முடிந்தது. மேலே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் அதை உள்ளிருந்து தூக்குவது சிரமம்.

அந்த மூடி ஈரமாக இருந்ததா என்றால், இல்லை. அதைப் பல நாள் முன்னாலேயே முடித்துவிட்டேன். நன்றாகக் காய்ந்திருந்தது. இல்லாவிட்டால் நான் அதன் மேல் உட்கார்ந்திருப்பேனா?